விக்கித் தளத்தில் காட்சித் தொகுப்பியும் கைப்பேசி வசதியும்: வார்ப்புருக்களைச் சீர்செய்வதே முதல் வேலை

மரபு நெல் வகைகளைப் பற்றி ஒரு சிறு குழுவாக நீங்கள் நடத்தும் விக்கித் தளம் மீடியாவிக்கி என்னும் விக்கி மென்பொருளின் 1.31 பதிப்பில் இயங்குகிறது; பங்களிப்போரில் பெரும்பாலோர் கைப்பேசியை மட்டுமே பயன்படுத்தும் உழவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும்; சதுர அடைப்புக்குறிகளையும் நெளிவு அடைப்புக்குறிகளையும் பார்த்ததும் அவர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். இந்நிலையில் காட்சித் தொகுப்பியையும் (குறியீடுகளின்றி, பக்கம் தோன்றும் வடிவிலேயே திருத்தும் வசதி) கைப்பேசிக்கு ஏற்ற தோற்றத்தையும் எப்படிச் சேர்ப்பது, பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் பகிர்வு வழங்கியில் நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை வழங்கியில் ஓட்டும் மென்பொருள்) நிறுவ வழியில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். நோட்.ஜேஎஸ் இப்போது தேவையில்லை. இரண்டு வசதிகளையும் ஓரிரு நாள் வேலையில் நிறுவிவிடலாம். ஆனால் நிறுவிய மறுநாள் ஓர் உழவர் ‘பூங்கார்’ பக்கத்தைத் திறந்து தயங்காமல் திருத்துவாரா என்பதைத் தீர்மானிப்பவை உங்கள் வார்ப்புருக்கள், அதாவது பல பக்கங்களில் திரும்பத் திரும்பச் சேர்க்கப்படும் ஆயத்த நிரல் துண்டுகள். ஆகவே நிறுவலைச் சுருக்கமாகவும் வார்ப்புருக்களைச் சற்று விரிவாகவும் சொல்கிறேன்.

நோட்.ஜேஎஸ் பற்றிய அச்சம் எங்கிருந்து வந்தது என்பது வெளிப்படை. அடைப்புக்குறிகளோடு பக்கம் எழுதப்படும் விக்கிநிரலைக் காட்சித் தொகுப்பி நேரடியாகக் கையாள்வதில்லை. விக்கிநிரலை எச்டிஎம்எல் ஆகவும், திருத்திய எச்டிஎம்எல்லை மீண்டும் விக்கிநிரலாகவும் மாற்றித்தரும் பார்சாய்ட் என்னும் மென்பொருளை அது நம்பியிருக்கிறது. தொடக்கத்தில் பார்சாய்ட் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டிருந்ததால், மீடியாவிக்கியோடு தனியே ஒரு சேவையை ஓட்டவேண்டியிருந்தது. பகிர்வு வழங்கியில் தளம் வைத்திருந்தவர்களுக்கு அது எட்டாத ஒன்றாகவே இருந்தது. 2019இல் பார்சாய்ட் பிஎச்பி மொழிக்கு மாற்றி எழுதப்பட்டது. 2020 செப்டம்பரில் வெளிவந்த 1.35 பதிப்பிலிருந்து அதுவும் காட்சித் தொகுப்பியும் மீடியாவிக்கித் தொகுப்போடு சேர்ந்தே வருகின்றன. அமைப்புக் கோப்பில் நீட்சியை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை) ஏற்றும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளில் பல 1.35க்கு முந்தைய நிலையை விவரிப்பவை. அவற்றில் தனிச் சேவை, அதற்கான துறை எண் என்றெல்லாம் வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

ஆகவே பதிப்பை உயர்த்தாமல் வேறு எதுவும் நடக்காது. 1.31க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2021லேயே நின்றுவிட்டன என்பதால், காட்சித் தொகுப்பி வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. நெடுங்கால ஆதரவுள்ள 1.43 பதிப்புக்குச் செல்லுங்கள். ஆனால் ஒரே தாவலில் செல்ல இயலாது. ஒரு பதிப்புக்கு உயர்த்தும்போது அதற்கு முந்தைய இரண்டு நெடுங்கால ஆதரவுப் பதிப்புகள் வரைதான் தரவுத்தள மேம்படுத்தல் ஆதரிக்கப்படுகிறது. ஆகையால் 1.31இலிருந்து 1.39க்கும், அங்கிருந்து 1.43க்கும் இரு கட்டமாகச் செல்லவேண்டும். 1.39க்குப் பிஎச்பி 7.4 போதும், 1.43க்கு 8.1 வேண்டும். எனவே பிஎச்பி மாற்றத்தை இரண்டு கட்டங்களுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். பயனர் பெயர்களும் தொகுப்புச் சுருக்கங்களும் சேமிக்கப்படும் முறை இப்பதிப்புகளுக்கு இடையில் மாறியிருப்பதால், மேம்படுத்தல் நிரல் சிறிது நேரம் ஓடும். இடையில் நிறுத்தக் கூடாது. முழுத் தரவுத்தளத்தையும் படிமக் கோப்புறையையும் நகலெடுத்து, அந்த நகலின் மீது ஒருமுறை முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகே உண்மையான தளத்தைத் தொடுவது நல்லது.

இனி வார்ப்புருக்களுக்கு வருவோம். பார்சாய்ட் ஒரு பக்கத்தை எச்டிஎம்எல்லாக மாற்றும்போது, எந்தப் பகுதி எந்த வார்ப்புருவிலிருந்து வந்தது என்ற குறிப்பையும் அதனுள் பதித்துவைக்கிறது. நீங்கள் திருத்தி முடித்ததும் மாறிய பகுதிகளை மட்டும் விக்கிநிரலாக மாற்றிவிட்டு, மாறாத பகுதிகளைப் பழைய நிரலிலிருந்தே அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஒரு சொல்லைத் திருத்தியவரின் பெயரில் பக்கம் முழுவதும் மாறியதாக வரலாற்றில் பதிவாகாமல் காப்பது இந்த ஏற்பாடுதான். இது நன்றாக வேலை செய்யவேண்டுமானால், ஒவ்வொரு வார்ப்புருவும் தன்னளவில் முழுமையான ஒரு துண்டாக இருக்கவேண்டும். பழைய விக்கிகளில் அப்படி இருப்பதில்லை. ஒரு வார்ப்புரு அட்டவணையைத் தொடங்கும், பத்து வரிகளுக்குப் பின் மற்றொரு வார்ப்புரு அதை மூடும். இடையில் உள்ளவை வெறும் வரிசைகளாக இருக்கும். பார்சாய்ட் இதைக் கண்டு குழம்பிவிடுவதில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை அனைத்தையும் ஒரே வார்ப்புருக் கட்டியாகக் கருதிவிடுகிறது. விளைவாக, அட்டவணைக்குள் விதைப்புப் பருவத்தைத் திருத்தவந்தவர் எதைத் தொட்டாலும் பெரிய நீலக் கட்டம் ஒன்றே தெரிவுபடும். கட்டுரையின் உடல் முழுவதையும் அழகுக்காக ஒரு வார்ப்புருவின் அளபுருவாக (அதற்குள் நிரப்பப்படும் மதிப்பாக) அனுப்பும் வழக்கமும் இதே கேட்டைத்தான் விளைவிக்கும். அப்படிப்பட்ட பக்கத்தில் காட்சித் தொகுப்பி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்ள இரண்டு சிறப்புப் பக்கங்கள் உதவும். அதிகம் பயன்படும் வார்ப்புருக்களை வரிசைப்படுத்தும் பக்கம் உங்கள் மென்பொருளில் ஏற்கெனவே உண்டு. சில நூறு பக்கங்கள் கொண்ட விக்கியில் உண்மையில் கவனிக்கவேண்டியவை விரல்விட்டு எண்ணக்கூடிய வார்ப்புருக்களாகவே இருக்கும். இரண்டாவது, லின்டர் என்ற நீட்சி தரும் பிழைப் பட்டியல். 1.43 தொகுப்பில் அது இருக்கிறது. பார்சாய்டின் அமைப்பிலும் பிழை அறிவிப்பை இயக்கிவிட்டால், மூடப்படாத குறிச்சொற்கள், தவறாகப் பின்னிய குறிச்சொற்கள், இடம் தவறிய அட்டவணை உள்ளடக்கம் ஆகியவற்றை வகைபிரித்துக் காட்டும். பட்டியல் உடனே நிரம்பாது; பக்கங்கள் அலசப்பட அலசப்படத்தான் சேரும்.

வார்ப்புரு முழுமையானதாக ஆனபின் அதற்கு டெம்ப்ளேட்டேட்டா என்னும் விளக்கத்தை எழுதவேண்டும். காட்சித் தொகுப்பியில் தகவற்சட்டத்தை, அதாவது முக்கியத் தகவல்களைத் தொகுத்துக்காட்டும் பெட்டியை, சொடுக்கினால் ஓர் உரையாடல் பெட்டி திறக்கும். விளக்கம் எழுதப்படாத வார்ப்புருவாக இருந்தால் அதில் அளபுருக்களின் நிரற்பெயர்கள் மட்டுமே கிடைக்கும். எழுதப்பட்டிருந்தால் ‘வயது (நாட்களில்)’ போன்ற தமிழ்ப் பெயரும், எதை நிரப்பவேண்டும் என்ற ஒரு வரிக் குறிப்பும், எடுத்துக்காட்டும் தோன்றும். ஒவ்வோர் அளபுருவும் எண்ணா, நாளா, கோப்புப் பெயரா, பக்கப் பெயரா என்று வகை குறிக்கலாம். கோப்பு என்று குறித்தால் படங்களின் பெயர்கள் தட்டச்சும்போதே பட்டியலாக வரும். எது கட்டாயம், எது பரிந்துரை என்றும் சொல்லலாம். இருபது அளபுருக்களில் ஐந்தை மட்டும் பரிந்துரையாக வைத்தால், புதியவருக்கு அந்த ஐந்தும்தான் முதலில் காட்டப்படும். வெளிவடிவத்தை ஒரு வரிக்கு ஓர் அளபுரு என்று வகுத்துவிட்டால், விக்கிநிரலில் எழுதும் பழையவர்களுக்கும் நிரல் படிக்கத்தக்கதாக இருக்கும். வார்ப்புருப் பக்கத்திலேயே இதற்கான படிவம் இருப்பதால் ஜேசன் என்னும் தரவு வடிவத்தைக் கையால் எழுதத் தேவையில்லை.

இந்த உரையாடல் பெட்டியைப் பற்றி வழிகாட்டிகள் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு: அதன் புலங்களுக்குள் நீங்கள் எழுதுவது விக்கிநிரல்தான். தகவற்சட்டத்தில் மாவட்டத்தின் பெயருக்கு இணைப்புத் தரவேண்டுமானால், அங்கே மீண்டும் அதே சதுர அடைப்புக்குறிகள் வந்துவிடும். காட்சித் தொகுப்பியைச் சேர்த்த குழுக்கள் முதல் வாரத்தில் ஏமாற்றமடைவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். இதற்கு மாற்று, அடைப்புக்குறிகளை வார்ப்புருவுக்குள் வைத்துவிடுவது. பங்களிப்பவர் ‘திருவாரூர்’ என்று மட்டும் எழுதட்டும், இணைப்பையும் பகுப்பையும் வார்ப்புருவே சேர்த்துக்கொள்ளட்டும். படத்துக்கும் அப்படியே: கோப்புப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, அளவையும் அமைவிடத்தையும் வார்ப்புரு பார்த்துக்கொள்ளவேண்டும். ஏற்கெனவே அடைப்புக்குறிகளோடு எழுதப்பட்ட பழைய பக்கங்களை இதற்கேற்ப மாற்ற ஒரு தானியங்கி நிரலோ பொறுமையுள்ள ஒரு நண்பரோ தேவைப்படுவார்.

உங்கள் தளத்தின் தன்மையைப் பார்த்தால், காட்சித் தொகுப்பியைவிடவும் படிவங்கள் கூடுதலாகப் பயன்படுமோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு நெல் வகைக்கும் வயது, பருவம், உயரம், அரிசியின் நிறம், மண் என்று ஒரே வகைத் தகவல்கள்தாம் வரப்போகின்றன. பேஜ் ஃபார்ம்ஸ் என்ற நீட்சி வார்ப்புருவின் அளபுருக்களைச் சாதாரண இணையப் படிவமாக மாற்றித்தரும்; பருவத்தைக் கீழ்விரி பட்டியலிலிருந்து தேர்வு செய்யவைக்கலாம், ஏற்கெனவே உள்ள பெயர்களைத் தானாக நிரப்பவைக்கலாம். படிவத்தின் அடியில் உள்ள கட்டுரைப் பகுதிக்கு மட்டும் காட்சித் தொகுப்பியைக் கொண்டுவர விஈஃபார்ஆல் என்ற துணை நீட்சி இருக்கிறது. புதிய நெல் வகையைப் பதிவதற்குப் படிவம், எழுதப்பட்ட கட்டுரையைத் திருத்துவதற்குக் காட்சித் தொகுப்பி என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று இடறா. கலைக்களஞ்சியம் போலப் பரந்த உள்ளடக்கம் கொண்ட விக்கிக்கு இந்த யோசனையை நான் சொல்லமாட்டேன்.

காட்சித் தொகுப்பியை எல்லோருக்கும் ஒரே நாளில் திறந்துவிடாதீர்கள். 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் அதை இயல்புத் தொகுப்பியாக ஆக்கினார்கள். அப்போது அது வேகமும் முழுமையும் பெற்றிருக்கவில்லை. தட்டச்சிய அடைப்புக்குறிகளைச் சுற்றி, அவற்றை விக்கிநிரலாகச் செயல்படவிடாமல் தடுக்கும் ‘நோவிக்கி’ குறிச்சொற்கள் வந்துவிழுந்தன, கட்டுரைகளுக்குள் சதுரங்கச் சிப்பாய் உருவம் காரணமின்றிப் புகுந்த வேடிக்கையும் நடந்தது. அனுபவமுள்ள தொகுப்பாளர்களின் கடும் எதிர்ப்புக்குப்பின் செப்டம்பரில் அது விரும்பியவர் மட்டும் இயக்கிக்கொள்ளும் வசதியாகப் பின்வாங்கப்பட்டது. அன்றைய குறைகள் இன்று பெரும்பாலும் இல்லை. இரட்டைச் சதுர அடைப்பைத் தட்டினால் இப்போது இணைப்புப் பெட்டியே திறந்துகொள்கிறது. எனினும் பழையவர்களின் கையிலிருந்து விக்கிநிரலைப் பறித்ததாக ஓர் எண்ணம் எழுந்துவிட்டால், வார்ப்புருக்களைச் சீர்செய்து தரவேண்டிய அவர்களே விலகிவிடுவார்கள். இரண்டு தொகுப்பிகளுக்கும் இடையே ஒரே சொடுக்கில் மாறிக்கொள்ளும் அமைப்பை வைத்திருங்கள். முதல் சில வாரங்கள் விருப்பத்தேர்வாகவே இருக்கட்டும். வார்ப்புருப் பெயர்வெளியிலும் பேச்சுப் பக்கங்களிலும் காட்சித் தொகுப்பியை இயக்கவேண்டியதில்லை. பேச்சுப் பக்கங்களுக்கு 1.43 தொகுப்பிலேயே வரும் டிஸ்கஷன்டூல்ஸ் நீட்சியின் ‘பதிலளி’ பொத்தான் பொருத்தமானது.

கைப்பேசித் தோற்றத்துக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஒரு தோற்றத்தை, எடுத்துக்காட்டாக டைம்லெஸ்ஸை, எல்லோருக்கும் பொதுவாக வைப்பது. இரண்டாவது, மொபைல்ஃப்ரண்ட்எண்ட் நீட்சியையும் மினெர்வா தோற்றத்தையும் நிறுவி, கைப்பேசியில் வருவோருக்கு மட்டும் வேறு வடிவத்தைக் காட்டுவது. படிப்பதற்கு மட்டும் என்றால் முதல் வழியே எளிது; ஒரே வடிவம், ஒரே பக்கம், குழப்பமில்லை. ஆனால் கைப்பேசித் திரைக்கென அமைக்கப்பட்ட தொகுப்பு இடைமுகமும், காட்சித் தொகுப்பியின் கைப்பேசி வடிவமும் மொபைல்ஃப்ரண்ட்எண்ட் வழியாகத்தான் கிடைக்கின்றன. உங்கள் பங்களிப்பாளர்கள் கைப்பேசியிலேயே எழுதப்போகிறவர்கள் என்பதால் இரண்டாவது வழியைத்தான் பரிந்துரைப்பேன்.

அதை நிறுவும்போது கவனிக்கவேண்டியவை சில. உங்கள் மீடியாவிக்கிப் பதிப்புக்குரிய கிளையையே பதிவிறக்குங்கள். உலாவி கைப்பேசியினுடையதா என்று தானாகக் கண்டறியும் அமைப்பு இயல்பில் அணைந்திருக்கும்; அதை இயக்காமல் ‘ஒன்றுமே மாறவில்லையே’ என்று தேடுபவர்கள் பலர். விக்கிப்பீடியா நெடுங்காலம் வைத்திருந்ததுபோல ‘எம்’ என்ற தனி உபகளப்பெயர் உங்களுக்கு வேண்டாம். அது பெருந்தளங்களின் இடைச்சேமிப்புக்காக (ஒருமுறை உருவாக்கிய பக்கத்தின் நகலை வைத்து மீண்டும் தருவதற்காக) ஏற்பட்ட ஏற்பாடு. ஆனால் ஒரே முகவரியில் இரு வடிவங்களைத் தரும்போது, தளத்தின் முன்னால் வார்னிஷ் போன்ற இடைச்சேமிப்போ உள்ளடக்க வழங்கல் வலையமைப்போ இருந்தால், கைப்பேசிக்காரர் பார்த்த பக்கத்தை அது சேமித்துவைத்து, கணினியில் வருபவருக்கும் அதையே காட்டிவிடும். இடைச்சேமிப்பு இல்லையென்றால் இந்தச் சிக்கலே இல்லை. இருந்தால் பக்கங்களைச் சேமிக்காமல் படங்களையும் நிரற்கோப்புகளையும் மட்டும் சேமிக்கும்படி அமைத்துவிடுங்கள்.

தோற்றம் மாறியதும் உங்கள் பழைய அலங்காரங்கள் பல கைப்பேசியில் காணாமற்போகும். எல்லாத் தோற்றங்களுக்கும் பொதுவாக நீங்கள் எழுதிவைத்த பாணித்தாள் (நிறம், அளவு போன்ற தோற்ற விதிகளின் தொகுப்பு) கைப்பேசி வடிவத்தில் ஏற்றப்படுவதில்லை; அதற்கெனத் தனிப் பக்கம் உண்டு. இரண்டையும் தனித்தனியே பேணுவதைவிட, டெம்ப்ளேட்ஸ்டைல்ஸ் நீட்சியை நிறுவி ஒவ்வொரு வார்ப்புருவின் பாணியையும் அதனோடேயே வைப்பது நெடுநாளைக்கு நல்லது. திரையின் அகலத்துக்கேற்ப மாறும் விதிகளை அதில் எழுத முடியும் என்பதே அதன் முதற்பயன். தகவற்சட்டம் குறுகிய திரையில் முழு அகலத்துக்கு விரியட்டும். அகலமான அட்டவணைகள் தமக்குள்ளேயே பக்கவாட்டில் நகரட்டும். எழுத்தளவைக் குறைத்து அட்டவணையைத் திரைக்குள் திணிப்பவர்கள் அதைத் தம் கைப்பேசியில் ஒருமுறையேனும் படித்துப் பார்த்தார்களா என்று நான் பலமுறை ஐயுற்றிருக்கிறேன்.

கைப்பேசி வடிவம் அறிமுகப் பத்தியைத் தகவற்சட்டத்துக்கு மேலே நகர்த்திக் காட்டும். இது நிகழவேண்டுமானால், தகவற்சட்டம் அதற்குரிய வகுப்புப் பெயரைக் கொண்டிருக்கவேண்டும், அறிமுகப் பத்தி எந்தப் பெட்டிக்குள்ளும் அடைபடாமல் இருக்கவேண்டும். கட்டுரையின் அடியில் வரும் வழிசெலுத்துப் பெட்டிகளை விக்கிப்பீடியாவின் கைப்பேசி வடிவம் காட்டுவதே இல்லை. உங்கள் தளத்தில் ஒரு நெல் வகையிலிருந்து இன்னொன்றுக்குச் செல்ல அந்தப் பெட்டிதான் வழி என்றால், அதே இணைப்புகளைச் சாதாரணப் பட்டியலாகக் கட்டுரைக்குள் வையுங்கள்.

கைப்பேசியில் தமிழில் தட்டச்சும்போது ஏற்படும் சிக்கல்களையும் முன்கூட்டியே சோதியுங்கள். ஆண்ட்ராய்டு விசைப்பலகைகள் எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை உலாவிக்கு ஒழுங்காகத் தெரிவிப்பதில்லை. சொல்லை முழுதாகக் கோத்துத் தருகின்றன, சில வேளை ஏற்கெனவே எழுதிய சொல்லையே மாற்றிவிடுகின்றன. காட்சித் தொகுப்பி இதைச் சமாளிக்க, திரையில் நிகழ்ந்த மாற்றத்தைப் படித்துத் தன் உள்வடிவத்தைத் திருத்திக்கொள்கிறது. ‘கொ’ போன்று ஒன்றுக்கு மேற்பட்ட குறிகளால் ஆன எழுத்துகளின் எல்லையை அறிந்து சுட்டியை நகர்த்துவதற்கு யூனிகோட்ஜேஎஸ் என்ற நூலகமும் அதனுள் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், உங்கள் பங்களிப்பாளர்கள் உண்மையில் பயன்படுத்தும் விசைப்பலகையில், அவர்கள் வைத்திருக்கும் பழைய கைப்பேசியிலேயே சோதிப்பதற்கு ஈடில்லை. சொல்லின் நடுவே எழுத்தை அழிப்பது, தடித்த எழுத்துக்குள் நுழைந்து தட்டச்சுவது, பரிந்துரைச் சொல்லைத் தொட்டுத் தேர்வது ஆகிய மூன்றையும் செய்துபார்க்கச் சொல்லுங்கள். தொகுப்பி ஏறுவதற்கே நேரமெடுக்கும் கைப்பேசிகளுக்கு விக்கிநிரல் தொகுப்பியே மேல், அதை அணைத்துவிடாதீர்கள்.

எளிமை ஸ்பேமுக்கும் எளிமைதான். கன்ஃபர்ம்எடிட் நீட்சியில் நீங்களே எழுதும் கேள்வி வகையை இயக்கி, ‘கவுனி அரிசியின் நிறம் என்ன’ என்பதுபோல உங்கள் வாசகர் அறிந்த ஒன்றைக் கேளுங்கள். காட்சித் தொகுப்பியோடும் அது இணைந்து இயங்கும்.

கடைசியாகப் படங்கள். வயலில் நின்று எடுத்த படத்தை அங்கிருந்தே ஏற்றுவதுதான் கைப்பேசிப் பங்களிப்பின் பெரும் பயன். அதுதான் முதலில் தோற்கும். பிஎச்பியின் இயல்பு அமைப்பில் ஏற்றப்படும் கோப்பின் உச்ச அளவு 2 எம்பி. இன்றைய கைப்பேசிப் படங்கள் பல அதைத் தாண்டிவிடுகின்றன. கோப்பின் உச்ச அளவையும், படிவம் முழுவதற்குமான உச்ச அளவையும் சேர்த்தே உயர்த்துங்கள். படிவத்தின் அளவு கோப்பின் அளவைவிடக் குறைவாக இருந்தால் பலனில்லை. கைப்பேசிகள் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆயக்கூறுகளையும் பதித்துவைப்பதுண்டு. மீடியாவிக்கி அவற்றை நீக்குவதில்லை, மாறாகக் கோப்புப் பக்கத்தில் அட்டவணையாகவே காட்டுகிறது. அரிய விதை எந்த வயலில் இருக்கிறது என்பதை வெளியிட அந்த உழவர் விரும்பாமல் இருக்கலாம். அந்த அட்டவணையை அமைப்புக் கோப்பில் மறைத்துவிடலாம். ஆனால் மூலக்கோப்பைப் பதிவிறக்குபவருக்கு ஆயக்கூறுகள் அப்போதும் கிடைக்கும். ஆகவே கைப்பேசிப் படக்கருவியில் இடப்பதிவை அணைத்துவிட்டு எடுக்கும்படி பதிவேற்றப் பக்கத்தின் தலைப்பிலேயே தமிழில் ஒரு குறிப்பு எழுதுங்கள். ஏற்கெனவே தளத்தில் உள்ள படங்களுக்கு, வழங்கியில் எக்ஸிஃப்டூல் கொண்டு அந்தத் தரவை நீக்கிவிட்டு, சிறுபடங்களையும் தரவுத்தளத்தில் உள்ள படத் தகவல்களையும் புதுப்பித்துக்கொள்ளலாம்.